பழைய லேப்டாப்புக்கு டிவிடி ரைட்டர்: உள்ளே மாற்றுவதா, வெளியே தனியாக வாங்குவதா?

கோர்ட்டுவாசல்:

எல்லோருக்கும் வணக்கம். கோர்ட்டுக்கு எதிரே டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வக்கீல்களும் கட்சிக்காரர்களும் பென் டிரைவில் கொண்டுவரும் சிசிடிவி காட்சி, போன் பேச்சுப் பதிவு, போட்டோ எல்லாவற்றையும் சிடியில் போட்டுக் கொடுப்பதும் என் வேலைதான். வெளியே சிடியை யாரும் சீண்டுவதில்லை, ஆனால் மனுவோடு சேர்த்துக் கொடுக்க எங்கள் பக்கம் இன்னும் சிடி கேட்டு வருகிறார்கள்.

கடையில் ரைட்டர் இருப்பது ஒரே ஒரு லேப்டாப்பில். 2011-ல் வாங்கியது, ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. கொஞ்ச நாளாக சிடி எழுதப் போனால் தொடக்கத்திலேயே "பவர் கலிபரேஷன் எர்ரர்" என்று நின்றுவிடுகிறது, இல்லையென்றால் எழுதி முடித்துவிட்டு சரிபார்க்கும்போது ஃபைல் படிக்கவில்லை என்கிறது. ஆனால் படிப்பதில் ஒரு குறையும் இல்லை. பழைய சிடி, சினிமா டிவிடி எது போட்டாலும் ஓடுகிறது. கெட்டுப்போகிற சிடியின் காசு பெரிதில்லை. தாக்கல் செய்ய கடைசி நாளில் மூன்று மணிக்கு ஓடிவந்து நிற்கிறவரிடம் "இன்னொரு சிடி போட்டுப் பார்க்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல முடியவில்லை.

சர்வீஸ் கடையில் ஒருவர் உள்ளே இருக்கிற டிரைவையே மாற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர் யூஎஸ்பியில் மாட்டுகிற ரைட்டர் வாங்கச் சொல்கிறார். அது வேகம் குறைவு, பாதியில் கட் ஆகும் என்றும் காதில் விழுகிறது. எதை வாங்கட்டும்?

ஸ்குரூடிரைவர்:

வாங்குவதற்கு முன் ஒன்று பார்த்துவிடுங்கள் சகோதரி. எழுதத் தொடங்கும் முன் டிரைவ் அந்த டிஸ்கின் உள்விளிம்பில், டேட்டா போகாத ஓர் ஓரத்தில், கொஞ்சம் எழுதிப் பார்த்து இந்த டிஸ்குக்கு லேசரை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளும். அந்தப் பரீட்சை தேறவில்லை என்பதுதான் நீங்கள் பார்க்கிற எர்ரர். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: டிஸ்க் தரம் மட்டம், லென்ஸில் அழுக்கு, அல்லது லேசர் களைத்துவிட்டது. படிப்பதற்குத் தேவைப்படுவதை விட எழுத லேசருக்குப் பல மடங்கு சக்தி வேண்டும். அதனால்தான் படிப்பது நன்றாக இருக்கும்போதே எழுதுவது படுத்துவிடும்.

முதலில் வேறு கம்பெனி சிடி ஒன்று போட்டுப் பாருங்கள். அப்புறம் லேப்டாப்பை ஆஃப் செய்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, தட்டின் முகப்பில் இருக்கும் ஊசித்துளையில் பேப்பர் கிளிப்பை நிமிர்த்திக் குத்துங்கள், தட்டு வெளியே வரும். லேப்டாப் டிரைவில் ஒரு வசதி, லென்ஸ் அந்தத் தட்டிலேயே உட்கார்ந்திருக்கும். நீல நிறத்தில் மினுங்கும் சின்னக் கண்ணாடிப் பொட்டு. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றினால் போதும். அழுத்தாதீர்கள், லென்ஸ் மெல்லிய கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய், சென்ட், ஹேண்ட் சானிடைசர் எதுவும் கூடாது. கடையில் ஜெராக்ஸ் மெஷின் இருப்பதால் டோனர் தூள் படிந்திருக்க வாய்ப்பு நிறைய.

காய்ந்த பிறகு சிடி ஒன்று, டிவிடி ஒன்று எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டும் வேண்டும்.

லினக்ஸ்பிரியன்:

என் ஓட்டு உள்ளே மாற்றுவதற்கு. விலை குறைவு, மேசையில் கேபிள் தொங்காது, யூஎஸ்பி போர்ட் மிச்சம். லேப்டாப்பைக் கவிழ்த்தால் டிஸ்க் படம் போட்ட ஒரே ஒரு திருகு இருக்கும், அதைக் கழற்றி டிரைவை வெளியே இழுத்தால் வந்துவிடும், அதற்கு சர்வீஸ் கடை கூட வேண்டாம். ஆனால் வாங்கும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள். லேப்டாப் டிரைவில் பெரும்பாலும் இரண்டு அளவுதான், 12.7 மி.மீ., 9.5 மி.மீ. தடிமனானது மெலிந்த பொந்தில் நுழையாது, மெலிந்தது தடிமனான பொந்தில் ஆடும். பின்பக்கம் கனெக்டரையும் பாருங்கள். தட்டையாக 7 பின், பக்கத்தில் 6 பின் என்று இரண்டு துண்டாக இருந்தால் சாட்டா என்கிற புது வகை இணைப்பு. நீளமாக 50 பின் இருந்தால் பழைய ஐடிஇ, அதற்கு இனிப் புதிதாகக் கிடைப்பது கஷ்டம்.

முகப்பு பிளாஸ்டிக்கையும் பின்னால் இருக்கும் சின்ன இரும்புக் கிளிப்பையும் பழைய டிரைவிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்ள வேண்டும், அவை டிரைவோடு வராது.

கருப்புக்கோட்டு:

டிரைவ் எதுவானாலும் சரி, ஒரு வக்கீலாக இரண்டு விஷயம் சொல்கிறேன். 2014-ல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் போனதே தேர்தல் பேச்சுப் பதிவு செய்த சிடிக்கள்தான். மின்னணு ஆதாரத்துக்குப் பழைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி பிரிவுச் சான்றிதழ் இல்லை என்பதால் அவை ஏற்கப்படவில்லை. இப்போது 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்த பிறகு அது 63-ஆம் பிரிவு, சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹேஷ் மதிப்பு, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண், எழுத இடம் இருக்கிறது. அதனால் சிடியில் போன ஃபைல் மூல ஃபைலோடு ஒரு பிட் கூட மாறாமல் இருக்கவேண்டும். நூறு சதவீதம் எழுதியாகிவிட்டது என்று திரையில் வந்தால் மட்டும் போதாது.

அடுத்தது, விண்டோஸ் 7-ல் காலி டிஸ்க் போட்டதும் இரண்டு வழி கேட்கும். பென் டிரைவ் மாதிரி பயன்படுத்துவது ஒன்று, சிடி பிளேயருக்கு ஏற்றபடி எழுதுவது ஒன்று. முதலாவதில் எழுதினால் பின்னாலும் சேர்க்கலாம் நீக்கலாம். கோர்ட்டுக்குப் போகிறதை இரண்டாவது வழியில் எழுதி, பின்னால் எதுவும் சேர்க்க முடியாதபடி டிஸ்கை மூடிவிடுங்கள். ஆர்டபிள்யூ டிஸ்க் வேண்டவே வேண்டாம், அழித்து எழுத முடிகிற ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எதிர்த்தரப்பு முதல் கேள்வியே அதில்தான் கேட்கும்.

கோர்ட்டுவாசல்:

மூவருக்கும் நன்றி. லென்ஸ் துடைத்தேன், பஞ்சில் கறுப்பாகவே வந்தது. டிவிடி இப்போது சுத்தமாக எழுதுகிறது, சரிபார்ப்பிலும் தேறிவிட்டது. சிடி மட்டும் அதே எர்ரர், வேறு கம்பெனி சிடியிலும் அதே கதைதான். இது எப்படி? ஒரே டிரைவ்தானே?

கழற்றி அளந்தும் பார்த்துவிட்டேன், 12.7. கனெக்டர் இரண்டு துண்டு, அப்படியானால் சாட்டா.

ஸ்குரூடிரைவர்:

இதற்குத்தான் இரண்டையும் எழுதிப் பார்க்கச் சொன்னேன். வெளியே ஒரே லென்ஸ்தான் தெரியும், உள்ளே சிடிக்கும் டிவிடிக்கும் வேறு வேறு லேசர். சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. டிவிடிக்கு 650, சிவப்பு. நீங்கள் வருஷக்கணக்காக எழுதியது சிடிதானே, அந்த லேசர் முன்னால் ஓய்ந்துவிட்டது. டிவிடி எழுதுவதே இப்போது துடைத்த பிறகு நன்றாக இருப்பதால் அழுக்கும் ஒரு காரணம், ஆனால் சிடி லேசர் இனித் தேறாது. டிரைவ் வாங்கத்தான் வேண்டும்.

இனி உள்ளேயா வெளியேயா. வெளியே விற்கும் மெல்லிய ரைட்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது இதே லேப்டாப் வகை டிரைவ்தான், யூஎஸ்பிக்கு மாற்றுகிற சின்ன போர்டு ஒன்று கூட இருக்கும், சிலவற்றில் அதுவும் டிரைவ் போர்டிலேயே சேர்ந்திருக்கும். எழுதும் வேகமும் ஒன்றுதான், சிடி 24 எக்ஸ், டிவிடி 8 எக்ஸ் (எக்ஸ் என்பது அடிப்படை வேகத்தின் மடங்கு). யூஎஸ்பி வேகம் குறைவு என்று சொன்னவர் பழைய யூஎஸ்பி 1.1 காலத்தை நினைத்துச் சொல்லியிருப்பார், அதில் வினாடிக்கு ஒரு எம்பி போவதே பெரிய பாடு. சிடி 24 எக்ஸ் என்பது வினாடிக்கு 3.6 எம்பி, டிவிடி 8 எக்ஸ் சுமார் 11 எம்பி. உங்கள் யூஎஸ்பி 2.0 இதற்குத் தாராளம்.

பாதியில் கட் ஆகும் என்பதில் மட்டும் உண்மை இருக்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லிஆம்பியர். டிஸ்க் சுழன்று எழும்பும்போதும் எழுதும்போதும் இந்த டிரைவ்கள் ஓர் ஆம்பியருக்கு மேல் கேட்கும். பல லேப்டாப் போர்ட்கள் கணக்குக்கு மேலேயே கொடுத்துவிடும், பழையவை சில கொடுக்காது. அதனால் இரண்டு முனை உள்ள ஒய் கேபிள் வருகிற மாடலாகப் பார்த்து வாங்கி இரண்டு போர்ட்டிலும் குத்துங்கள். தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் மாட்டவே கூடாது. எழுதும்போது சார்ஜர் போட்டிருக்கட்டும்.

என் முடிவு, வெளியே வாங்குங்கள். உள்ளே வாங்கினால் இந்த வயசான லேப்டாப் போகிற அன்று அந்த டிரைவும் சும்மா கிடக்கும், இப்போது வருகிற லேப்டாப் பெரும்பாலானவற்றில் அதற்கு இடமே கிடையாது. வெளியே வாங்கியது எந்த மெஷினுக்கும் போகும், டிரைவர் சாஃப்ட்வேரும் வேண்டியதில்லை.

லினக்ஸ்பிரியன்:

அண்ணே, சாட்டா டிரைவை உள்ளே வாங்கினாலும் நாளைக்கு ஒரு யூஎஸ்பி கேஸில், அதாவது டிரைவை வைத்து யூஎஸ்பியில் மாட்டும் பெட்டியில், போட்டு வெளியே பயன்படுத்தலாமே. 12.7-க்கும் கேஸ் விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் சில நூறு ரூபாயில் டிரைவே எடுத்துவிடலாம்.

ஸ்குரூடிரைவர்:

போடலாம் தம்பி, அதில் தப்பில்லை. ஆனால் அந்த விலைக்குக் கிடைப்பது பழைய லேப்டாப்பில் கழற்றியது. அதன் சிடி லேசர் எவ்வளவு உழைத்தது என்று வெளியே பார்த்துச் சொல்லவே முடியாது. வீட்டில் பாட்டு சிடி போட்டுக் கேட்பவருக்கு அது போதும். இந்தச் சகோதரிக்குப் போதாது.

இன்னொன்று, இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். உள்ளே இருக்கும் பழைய டிரைவைக் கழற்றிப் போடாதீர்கள். படிப்பதில் அது நன்றாகத்தான் இருக்கிறது என்றீர்கள். எழுதிய டிரைவிலேயே சரிபார்ப்பது அரைகுறைப் பரிசோதனைதான், தன் கையெழுத்தைத் தானே படிக்கிற மாதிரி. சுமாராக எழுதப்பட்ட டிஸ்கையும் எழுதிய டிரைவ் சமாளித்துப் படித்துவிடும். கோர்ட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் படிக்காது. புதியதில் எழுதுங்கள், எடுத்துப் பழையதில் போட்டுப் படியுங்கள். கிழட்டு லேசரே படித்துவிட்டால் மற்ற டிரைவ் எல்லாம் பெரும்பாலும் படித்துவிடும்.

கருப்புக்கோட்டு:

இந்த யோசனையை நான் வழிமொழிகிறேன். அந்தப் பழைய டிரைவில் போட்டபடியே ஹேஷையும் எடுத்துவிடுங்கள். விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஃபைலைக் கொடுத்து ஷா 256 என்ற வகை ஹேஷ் கேட்டால் 64 எழுத்தில் மதிப்பு வரும். பென் டிரைவ் ஃபைலுக்கு ஒன்று, சிடி ஃபைலுக்கு ஒன்று, இரண்டும் ஒத்துப்போனால் அதே எண்ணை வக்கீலிடம் தாளில் அடித்துக் கொடுங்கள், சான்றிதழ் தயாரிக்க அவருக்கு அது கையில் இருக்கும். சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவது என்பது தனிப் பேச்சு, அதை அந்தந்த வக்கீலே சொல்லட்டும், கடைக்காரராக நீங்களாக முன்வந்து போடாதீர்கள்.

கோர்ட்டுவாசல்:

வெளியே வாங்கிவிட்டேன், ஒய் கேபிள் உள்ளதாகவே கேட்டு வாங்கினேன். இரண்டு போர்ட்டிலும் குத்தி சிடி எழுதினால் மறுபேச்சில்லாமல் போகிறது. பழைய டிரைவில் போட்டு ஹேஷ் பார்த்தேன், ஒத்துப்போகிறது. இன்று வந்த வக்கீல் ஒருவருக்கு அந்த எண்ணை அடித்துக் கொடுத்தபோது இனி எல்லா சிடிக்கும் இப்படியே கொடுங்கள் என்றார்.

இன்னும் மூன்று கேள்வி. வேகம் எவ்வளவு வைப்பது? சிடி மேல் கேஸ் நம்பர் எழுதுகிறோமே, பேனாவால் டிஸ்க் கெடுமா? அப்புறம் லேப்டாப் ரொம்ப மெதுவாக இருக்கிறது, டிவிடி டிரைவ் இடத்தில் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கை விட வேகமான சேமிப்பு) மாட்டலாம் என்று கடையில் சொன்னார்கள். மாட்டலாமா?

ஸ்குரூடிரைவர்:

வேகம் நடுவாக வையுங்கள், சிடிக்கு 16 எக்ஸ். உச்ச வேகம் வேண்டாம், அதற்காக இருப்பதிலேயே குறைந்த வேகம்தான் நல்லது என்பதும் சரியில்லை, இப்போதைய டிஸ்கில் டேட்டா பதிகிற சாயம் மிகக் குறைந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. ஃபைல் பெயர்களைச் சிறியதாக வையுங்கள், நீளப் பெயர் சிடியில் வெட்டுப்பட்டுவிடும்.

பால்பாயிண்ட் பேனாவால் எழுதவே கூடாது. சிடியில் டேட்டா இருப்பது மேல்பக்கம், பெயர் எழுதுகிற பக்கத்துக்குச் சற்றுக் கீழே, நடுவில் ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டும்தான். எல்லோரும் அடிப்பக்கம் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டு மேல்பக்கத்தைக் குத்திவிடுகிறார்கள். டிவிடியில் டேட்டா இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. தண்ணீர் மையுள்ள, முனை மெத்தென்ற சிடி மார்க்கர் வாங்கி, முடிந்தவரை நடுத்துளையை ஒட்டியிருக்கும் கண்ணாடி வளையத்தில் எழுதுங்கள். காகித ஸ்டிக்கர் ஒட்டினால் டிஸ்க் ஒரு பக்கம் கனத்து ஆடும், பிய்த்தால் பூச்சும் சேர்ந்து வரும்.

எஸ்எஸ்டி கட்டாயம் போடுங்கள், ஆனால் டிவிடி டிரைவ் இடத்தில் வேண்டாம். அதைக் கழற்றினால் சரிபார்க்க உங்களிடம் இரண்டாவது டிரைவ் இருக்காது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அந்த இடத்தில் எஸ்எஸ்டியைப் போடுங்கள், சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி உங்கள் லேப்டாப்புக்குச் சரியாக உட்காரும். கழற்றிய ஹார்ட் டிஸ்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு, எழுதிக் கொடுத்த ஃபைலின் நகல் எல்லாம் அதில் சேர்த்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து சிடி தொலைந்துவிட்டது என்று யாராவது வருவார்கள்.

கோர்ட்டுவாசல்:

சரி அண்ணே. மார்க்கர் இன்றைக்கே வாங்கிவிடுகிறேன். எஸ்எஸ்டி 240 ஜிபி போதுமா?

ஸ்குரூடிரைவர்:

தாராளமாகப் போதும்.