தளத்தைப் புதுப்பித்த பிறகு கூகுள் தேடலில் காணாமல் போய்விட்டோம்: எங்கிருந்து சரிசெய்வது?

முந்திரித்தோப்பு (கடலூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாமனார் தொடங்கிய முந்திரிக் கடையை இப்போது நானும் என் கணவரும் நடத்திவருகிறோம். காடாம்புலியூர்ப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கொட்டை வாங்கி, அங்கேயே ஒரு கொட்டகையில் உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்துக் கடையிலும் இணையத்திலும் விற்கிறோம். 2017இல் வேர்ட்பிரஸ்ஸில் ஓர் இணையத்தளம் அமைத்தோம். அதில் ஆங்கிலப் பக்கங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. பண்ருட்டி முந்திரி என்று ஆங்கிலத்தில் தேடுபவர்களுக்கு எங்கள் தளம் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. தீபாவளி ஆர்டர்களில் பாதி அந்த வழியாகத்தான் வந்தன.

கடந்த சித்திரையில், தளம் பழையதாகத் தெரிகிறது என்று ஒருவரிடம் கொடுத்துப் புதிதாக வடிவமைத்தோம். பார்க்க மிக அழகாக இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த மாதமே விசாரணைகள் குறையத் தொடங்கின. இந்தத் தீபாவளிக்கு இணைய ஆர்டர் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரவில்லை. கடையின் பெயரைத் தேடினால் முகப்புப் பக்கம் வருகிறது. வேறு எந்தச் சொல்லுக்கும் நாங்கள் தென்படுவதில்லை. தமிழ்ப் பக்கங்களோ எந்தக் காலத்திலும் தேடலில் வந்ததே இல்லை. அதற்கான காரணமும் எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது என் முன்னால் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. 35,000 ரூபாய் கொடுத்தால் ஆயிரம் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) கட்டி, முப்பது நாளில் முதல் இடத்துக்குக் கொண்டுவருவதாக ஒரு நிறுவனம் உறுதி கூறுகிறது. என் அண்ணன் மகனோ, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முந்திரியைப் பற்றி இருநூறு கட்டுரைகளை ஒரே வாரத்தில் ஏற்றிவிடலாம் என்கிறான். பணத்தையும் உழைப்பையும் எதில் போடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெல்லித்தோப்பு (புதுச்சேரி) எழுதியது:

வணக்கம் அம்மா. முதலில் அந்த 35,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஒரு பக்கத்தை நோக்கி வரும் இணைப்புகளை அதற்கு விழும் வாக்குகளைப் போல எண்ணுவது என்ற அடிப்படையில்தான் 1998இல் அந்தத் தேடுபொறி தொடங்கப்பட்டது என்பது உண்மை. இணைப்பை விலைக்கு விற்கும் தொழில் முளைத்ததும் அதனால்தான். ஆனால் 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோது, அப்படி வாங்கிய இணைப்புகளால் ஏறியிருந்த தளங்கள் ஒரே வாரத்தில் சரிந்ததைப் பலர் பார்த்தோம். இன்று அத்தகைய இணைப்புகள் பெரும்பாலும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. மோசமாக இருந்தால் தண்டனையும் உண்டு.

உங்கள் தளத்தின் நோய் வேறு என்று நினைக்கிறேன். முகப்பு மட்டும் வருகிறது, உள்பக்கங்கள் வரவில்லை, அதுவும் வடிவமைப்பு மாறிய அடுத்த மாதத்திலிருந்து என்றால், பக்கங்களின் முகவரிகள் மாறியிருக்க வேண்டும். பழைய முகவரியில் ஏழு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த மதிப்பு புதிய முகவரிக்குத் தானாக வந்துவிடாது. வீடு மாறும்போது அஞ்சல் நிலையத்தில் புது விலாசத்தை எழுதிக் கொடுப்பதைப் போல, ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் அதற்குரிய புதிய முகவரிக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பத்தை அமைத்திருக்க வேண்டும். தளம் வடிவமைப்பவர்களில் பலர் கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள்.

தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்து, பக்கங்கள் என்ற அறிக்கையில் 404, அதாவது பக்கம் இல்லை என்று எத்தனை முகவரிகள் இருக்கின்றன என்று பாருங்கள். பிறகு செயல்திறன் அறிக்கைக்குப் போய், தள மாற்றத்துக்கு முந்தைய மாதங்களைத் தேர்ந்தெடுத்து, எந்தெந்தப் பக்கங்களுக்கு மக்கள் வந்தார்கள் என்ற பட்டியலைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். அங்கே பதினாறு மாத விவரம் மட்டுமே இருக்கும். உங்கள் தளம் மாறி ஏழு மாதம் ஆகிறது என்றால், பழைய தளத்தைப் பற்றி இன்னும் ஒன்பது மாதப் பதிவுதான் எஞ்சியிருக்கிறது, அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். பழைய பக்கங்களில் என்ன எழுதியிருந்தீர்கள் என்பது கையில் இல்லையென்றால், தளங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் உங்கள் டொமைனைக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். புதுச்சேரியில் ஒரு விருந்தினர் இல்லத்தின் தளத்தைச் சரிசெய்யப் போனபோது, பழைய முகவரிகள் அனைத்தையும் மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருந்ததைக் கண்டேன். அறை வாடகையைத் தேடி வருபவரை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் திரும்பிப் போய்விடுவார். கூகுளும் அத்தகைய திருப்பங்களை, பக்கம் இல்லை என்பதாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. முந்திரித் துண்டுக்கான பழைய பக்கம், முந்திரித் துண்டுக்கான புதிய பக்கத்துக்கே போக வேண்டும். நாற்பது பக்கம்தானே, ஒரு மாலையில் முடிந்துவிடும்.

வில்லியனூர் வாசகி எழுதியது:

தமிழ்ப் பக்கங்கள் எந்தக் காலத்திலும் வந்ததில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது என் கவனத்தை ஈர்த்தது. தமிழில் தளம் நடத்தும் சிறு வணிகர்கள் பலருக்கு இருக்கும் குறை இது. அந்தப் பக்கங்களை யார் தட்டச்சு செய்தார்கள்? எந்த எழுத்துருவில்? திருமண அழைப்பிதழ் அடிக்கும் அச்சகத்தில் கொடுத்து வாங்கியிருந்தால், அது எல்லாக் கணினிகளும் தமிழாகவே அறியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இல்லாமல் பாமினியிலோ வேறொரு பழைய எழுத்துருவிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளக்கிவிடுகிறேன். பாமினியில் முந்திரி என்று அடித்தால் திரையில் நமக்கு முந்திரி என்று தெரியும். ஆனால் கோப்பில் உண்மையில் பதிவாவது ஆங்கிலத்தின் கே, ஈ, ஓர் அரைப்புள்ளி, ஜே, பீ, ஹெச், பீ என்ற வரிசைதான். அந்த எழுத்துருவை அணிவிப்பதால் மட்டுமே அது தமிழாகத் தோன்றுகிறது. தேடுபொறிக்கு எழுத்துரு தெரியாது; அது படிப்பது அந்த ஆங்கில எழுத்துகளையும் அரைப்புள்ளியையும்தான். உலகில் யாரும் அப்படித் தேடப் போவதில்லை. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்றும் புழங்குகின்றன. சோதித்துப் பார்ப்பது எளிது: உங்கள் தளத்தில் ஒரு தமிழ் வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகள் சிதறி விழுந்தால் நான் சொன்ன நோய். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்துவது அவசியம்.

விலைப்பட்டியலையும் பாருங்கள். அதைப் படமாகப் போட்டிருந்தால் எழுத்தாக மாற்றிவிடுங்கள். படத்துக்குள் இருக்கும் விலையைத் தேடுபொறி படித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அது வெறும் படம்தான்.

அடுத்தது சொற்கள். நாம் முந்திரிப் பருப்பு என்று ஒற்று மிகுத்து எழுதுகிறோம். தேடுபவர்களில் பலர் ஒற்றில்லாமல் அடிக்கிறார்கள், சிலர் சேர்த்தே அடிக்கிறார்கள், வேறு சிலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். பண்ருட்டிக்கு இரண்டு சுழி னகரம் போடுபவர்களும் உண்டு. எங்கள் ஊரின் நிலை இன்னும் சிக்கல்: அரசு ஆவணத்தில் 2006லிருந்து ஆங்கிலத்திலும் புதுச்சேரிதான் என்றாலும், தேடுபவர் பாண்டிச்சேரி, பாண்டி, புதுவை என்று எதை வேண்டுமானாலும் எழுதுவார். இதற்காக எல்லா வடிவங்களையும் பக்கத்தின் அடியில் அடுக்கி வைக்க வேண்டாம். பிழையான எழுத்தை வேண்டுமென்றே எழுதவும் வேண்டாம். தலைப்பிலும் முதல் பத்தியிலும் சரியான வடிவத்தை எழுதுங்கள்; பேச்சின் போக்கில் இயல்பாக வரும் மாற்றுச்சொற்களை உள்ளே எழுதுங்கள். சிறிய எழுத்து வேறுபாடுகளைக் கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. எந்தச் சொல்லால் மக்கள் உங்களிடம் வந்தார்கள் என்பதைச் சர்ச் கன்சோலே காட்டும். ஊகத்தைவிட அது மேல்.

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

நானும் கடலூரில் கடை வைத்திருப்பவன் என்பதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

முதலாவது, கூகுள் மேப்பில் உங்கள் கடையின் வணிகப் பக்கம். சில்வர் பீச்சுக்கு வரும் வெளியூர்க்காரர் ஒருவர் அருகில் முந்திரி எங்கே கிடைக்கும் என்று கைப்பேசியில் தேடும்போது, இணையத்தளங்களுக்கு மேலே வரைபடத்துடன் வருவது அந்தப் பக்கம்தான். பொருத்தம், தூரம், கடையின் பெயர்பெற்ற நிலை ஆகிய மூன்றையும் வைத்து வரிசை அமைகிறது என்று கூகுள் சொல்கிறது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் சரியான வகையைத் தேர்ந்தெடுப்பதும், வேலை நேரத்தைச் சரியாகப் போடுவதும், வாடிக்கையாளர்களின் கருத்துகளுக்குப் பதில் எழுதுவதும் நம் கையில் இருக்கின்றன. கடைப் பெயருடன் மலிவு விலை, பண்ருட்டி முந்திரி என்றெல்லாம் சேர்த்து எழுதினால் பக்கமே முடக்கப்படலாம்; பெயர்ப்பலகையில் உள்ளதை மட்டும் எழுத வேண்டும். நல்ல கருத்து எழுதினால் நூறு கிராம் இலவசம் என்று கொடுப்பதும் விதிமீறல்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்து, சேர்ந்திருந்த கருத்துகளை எல்லாம் இழந்தார்.

இரண்டாவது, நெல்லித்தோப்பு அவர்களிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். இணைப்பே வேண்டாம் என்ற எண்ணம் இந்தச் சகோதரிக்கு வந்துவிடக் கூடாது. உங்களிடம் பருப்பு வாங்கும் இனிப்புக் கடையோ விடுதியோ தன் தளத்தில், இந்தக் கடையிலிருந்து வாங்குகிறோம் என்று எழுதி இணைப்புக் கொடுத்தால், அப்படி ஒன்று வருவது, விலைக்கு வாங்கும் ஆயிரத்தைவிட மதிப்புடையது. நான் அப்படி நான்கு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் மகிழ்ச்சியோடு செய்தார்கள்.

நெல்லித்தோப்பு எழுதியது:

கெடிலக்கரை ஐயா சொல்வது மிகச் சரி. நான் எதிர்த்தது வாங்கிய இணைப்பைத்தான்.

இருநூறு கட்டுரை யோசனைக்கு நான் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில், தேடலில் ஏறுவதற்காகவே மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதை ஒரு முறைகேடாகச் சேர்த்தது. அது கையால் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்பது அதற்குப் பொருட்டல்ல. முந்திரியின் பத்து நன்மைகள் என்ற கட்டுரை ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. உங்கள் கொட்டகையில் நடப்பது வேறு எங்கும் இல்லை.

டபிள்யூ 240 என்ற தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் எடைக்கு 220 முதல் 240 வரை முழுப் பருப்புகள் நிற்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320 வரை. எண் ஏற ஏறப் பருப்பு சிறிதாகும், விலையும் இறங்கும். வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. இரண்டு தரத்தையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, பாயசத்துக்கு எது போதும், பரிசுப் பெட்டிக்கு எது அழகு, அரைத்துக் குழம்பில் சேர்க்கத் துண்டே போதுமா என்று நீங்கள் எழுதினால், அந்தப் பக்கத்தைத் தேடி வருபவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பகுதியில் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்ததையும், பிறகு உங்களுக்குக் கொட்டை தரும் தோப்புகள் எப்படி மீண்டன என்பதையும் உங்கள் மாமனார் சொல்லக் கேட்டு எழுதுங்கள். அதை எந்த இயந்திரமும் எழுதித் தராது.

படங்களை ஏற்றும் முன் அளவைக் குறைத்துவிடுங்கள். கைப்பேசியில் எடுத்த நாலு எம்பி படத்தை அப்படியே போட்டால் பக்கம் திறக்க நேரமாகும். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல்.

முந்திரித்தோப்பு எழுதியது:

இத்தனை அக்கறையோடு எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு கடை சாத்திய பிறகு உட்கார்ந்து பார்த்தேன். சர்ச் கன்சோலில் 404 என்று 38 முகவரிகள் இருந்தன. பழைய பக்கங்கள் ஏறக்குறைய முழுவதும் அதில் அடங்கிவிட்டன. தமிழ் வரி ஒன்றை நகலெடுத்து என் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வாசகி அம்மா சொன்னபடியே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகப் போய் விழுந்தது. எட்டு ஆண்டுகளாக அந்தப் பக்கங்களைத் தேடுபொறி ஒருமுறைகூடப் படிக்கவில்லை என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

திருப்பங்களை அமைக்கத் தொடங்கிவிட்டேன். இதுவரை பதினொன்று முடிந்தது. அவற்றை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும், பலன் தெரிய எத்தனை நாளாகும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பு எழுதியது:

குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது; எடுக்க வேண்டிய தேவை இல்லாததால் நிலையாகவே விட்டுவிடுங்கள். பலன் ஒரே நாளில் தெரியாது. கூகுளின் தானியங்கி ஒவ்வொரு பழைய முகவரிக்கும் மறுபடி வந்து பார்க்க வேண்டும். சில பக்கங்களுக்குச் சில நாள்களும், சிலவற்றுக்குச் சில வாரங்களும் ஆகும். முடிந்ததும் புதிய சைட்மேப்பை, அதாவது தளத்தின் பக்க முகவரிப் பட்டியலை, சர்ச் கன்சோலில் சமர்ப்பித்து, அதிகம் விற்கும் ஐந்தாறு பக்கங்களுக்கு மட்டும் அங்கேயே முகவரி ஆய்வு என்ற பகுதிக்குப் போய், அட்டவணைப்படுத்த, அதாவது தேடல் பட்டியலில் சேர்க்கக் கோருங்கள். ஏழு மாதம் கழிந்துவிட்டதால் பழைய இடம் அப்படியே திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. மீதமுள்ள 27 முகவரிகளில் எதற்காவது ஈடான புதிய பக்கம் இல்லையென்றால், அதைத் திருப்பாமல், வேபேக் மெஷினில் உள்ள பழைய எழுத்தை எடுத்து அதே முகவரியில் பக்கத்தை மீண்டும் உருவாக்குங்கள்.