புதுப்பிப்பு: தம்பிக்கு ஏற்ற கூட்டம் அமைந்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் தம்பி குடியை விடத் துணைநிற்கும் கூட்டம் ஒன்று வேண்டும், ஆனால் கோவிலில் பார்க்கும் முகங்கள் அங்கே இருக்கக் கூடாது என்று முன்பு எழுதியிருந்தேன். நீங்கள் பலரும் சொன்னபடி, வீட்டிலிருந்து தள்ளி, ஃபீனிக்ஸ் பக்கம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், மருத்துவரைப் பார்த்த பிறகே போனோம்.

முதலில் திறந்த கூட்டத்துக்குப் போனது நல்லதாயிற்று. அதில் குடும்பத்தாரும் உட்காரலாம், மூடிய கூட்டமோ குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டுமே உரியது. கட்டணம் இல்லை, சுற்றி வரும் பையில் விருப்பமுள்ளவர்கள் ஏதேனும் போடுகிறார்கள். பேச்சு ஆங்கிலத்தில்தான். வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவனை யாரும் வற்புறுத்தவில்லை. அவனை அங்கே இருத்தியது அதுதான் என்பது என் எண்ணம்.

குடியிலிருந்து மீள அந்த அமைப்பு சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்று வருவது அவனுக்கு உறுத்தியது. “அண்ணே, இது சர்ச் காரியமா?” என்றான். அவரவர் அறிந்த கடவுள் என்றுதான் அதில் இருக்கிறது, முருகனும் ஆகும் என்று பக்கத்திலிருந்த பெரியவர் சொல்லிவிட்டார்.

இனி அவன் மனைவிக்கு, குடிப்பவரின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம் பார்க்க வேண்டும். பகலில் நடப்பது தெரிந்தால் சொல்லுங்கள். மாலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு அவளால் வர முடியாது.