உருண்டையாகக் கிடந்தவள் கைக்கு வந்தாள்

டொராண்டோவில் எங்கள் வீட்டில் மூன்று வருடமாக ஒரு பால் பைத்தான் இருக்கிறாள். போனில் பேரைக் கேட்டதும் அம்மா, "பால் ஊத்தியா வளர்க்கிற?" என்றார். இந்தப் பால் என்பது பந்து. மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்து மலைப்பாம்பு இது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும். விஷம் கிடையாது. பால் எந்தப் பாம்புக்கும் உணவில்லை. இவளுக்கு ஃப்ரீசரில் இருக்கும் எலியை உருகவைத்து, சூடாக்கிக் கொடுக்கிறோம்.

நான் செய்த பெரிய தப்பு, வந்த அன்றே தூக்கியது. ஆசைதான். தினமும் தூக்கினேன், தினமும் உருண்டையாகவே கிடந்தாள். ஐந்து வாரம் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரவில் எழுந்து எழுந்து தொட்டியைப் பார்ப்பேன். அப்புறம்தான் புரிந்தது, அவளுக்கு அங்கே ஒளிய இடமே சரியாக இல்லை. ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 என்று சூட்டைச் சரிசெய்து, இரண்டு பக்கமும் உடம்பு ஒட்டி அடங்கும் அளவுக்குச் சின்னக் கூடு வைத்தேன். தண்ணீர் மாற்ற மட்டும் மூடியைத் திறந்தேன். ஒன்பதாம் நாள் இரவு எலியை வாங்கிக்கொண்டாள்.

ஒருமுறை கடித்தும் இருக்கிறாள். எலி தொட்ட கையைக் கழுவாமல் உள்ளே விட்டிருந்தேன். உதட்டோரக் குழிகளால் சூட்டை உணர்கிறவள் அவள். எலி வாசத்தோடு வரும் சூடான கையை எலி என்றுதானே நினைப்பாள்? இப்போது சுருட்டிய காகிதத்தால் முதுகை மெல்லத் தொட்டுவிட்டுத்தான் கை விடுகிறேன். காகிதம் பட்டால் வருவது சாப்பாடு இல்லை என்று பழகிவிட்டாள். சாப்பிட்டு இரண்டு நாள் தொடுவதில்லை. கண் நீலம் பூத்து மங்கினால் தோலுரிக்கப் போகிறாள், பார்வை சரியிராது, அப்போதும் தொடுவதில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி, மூடியைத் திறந்து உள்ளங்கையை மட்டும் வைத்துக் காத்திருந்தேன். நாக்கு விரல்முட்டியைத் தொட்டுத் தொட்டு மீண்டது, காற்று படுவதுபோல. பிறகு தாடையை மணிக்கட்டில் வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பின் கனமெல்லாம் கைமேல் ஏறியது. பாசம் என்று சொல்ல மாட்டேன், பாம்பு அப்படிப்பட்ட பிராணி இல்லை. ஆனால் சுருளவில்லை. அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அம்மா இங்கே வந்திருக்கிறார். முதல் வாரம் அந்த அறைப் பக்கமே வரவில்லை. நேற்று வாசலில் நின்று கேட்டார்: "கண்ணு தெளிவா இருக்கா பாரு. இருந்தா முதுகுல ஒரு விரல் வைக்கிறேன்."