ஒட்சியேற்றச் சூளையில் கடுஞ்சிவப்பு: இரும்பா, குரோம்-வெள்ளீயமா?

குளக்கட்டு எழுதியது:
கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் மின்சாரச் சூளை வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் கேக்கிறது இதுதான்: வாயுச் சூளை இல்லாமல், தாழ்த்தல் (சூளைக்குள்ள ஒட்சிசனைக் குறைச்சுச் சுடுறது) இல்லாமல் கடுஞ்சிவப்பு கிளேஸ் (மட்பாண்டத்துக்கு மேல பூசிச் சுடுற கண்ணாடிப் பூச்சு) எடுக்கலாமோ? எடுக்கலாம். என்ர தெரிவு இரும்புச் சிவப்பு. கோன் 6 எண்ட சூட்டளவுக்கு, அதாவது ஏறக்குறைய 1220 பாகை செல்சியசுக்கு, தொடக்கக் கலவை (நிறைப் பங்கில): பொட்டாஷ் பெல்ஸ்பார் 32, 3134 பிரிட் (உருக்கி அரைச்ச கண்ணாடித் தூள்) 20, சிலிக்கா 16, டல்க் 14, எலும்புச் சாம்பல் 12, கயோலின் 6. இந்த நூறுக்கு மேல சிவப்பு இரும்பு ஒட்சைட்டு 12. டல்க் எண்டால் மக்னீசியம் உள்ள கல்லுத் தூள், முகத்துக்குப் பூசுற வாசனைப் பவுடர் இல்லை.

பெல்ஸ்பார் மாத்தளையில இருக்கு, கயோலின் பொரலஸ்கமுவவில இருக்கு. பாதிச் சாமான் இந்த நாட்டு மண்ணுக்குள்ளேயே கிடக்கு.

வீரை எழுதியது:
தம்பி, நீங்கள் சொல்லுறது கூரை ஓட்டின்ர நிறம். நல்லா வந்தால் பழுத்த தக்காளி, பிசகினால் கருவாட்டுக் கபிலம். கேட்டது கடுஞ்சிவப்பு. அதுக்குக் குரோம்-வெள்ளீயம்தான்.

அதே கோன் 6க்கு: பெல்ஸ்பார் 20, 3134 பிரிட் 15, சுண்ணாம்புத் தூள் (கல்சியம் காபனேற்று, நீறு இல்லை) 20, கயோலின் 15, சிலிக்கா 30. மேலதிகமாக வெள்ளீய ஒட்சைட்டு 5, குரோமியம் ஒட்சைட்டு 0.15. கல்சியம், வெள்ளீயம், சிலிக்கா மூண்டும் சேர்ந்து உண்டாகிற பளிங்குக்குள்ள குரோமியம் புகுந்துதான் அந்தச் சிவப்பு வருது. அதனால கல்சியம் தாராளமாக இருக்கவேணும். நாகம் (சிங்க்) துளியும் கூடாது, சேர்ந்தால் கபிலமாகும். மக்னீசியம் கூடினால் நிறம் மங்கி ஊதாச் சாம்பலாகும்.

குரோமியத்தைக் கூட்டினால் சிவப்புக் கூடும் எண்டு நினைச்சுத்தான் கனபேர் கெடுக்கிறது. வெள்ளீயம் குரோமியத்தைப் போல 20 மடங்குக்குக் குறையக்கூடாது. குறைஞ்சால் பச்சை எட்டிப்பார்க்கும். 100 கிராம் கலவைக்கு 0.15 கிராமைச் சமையலறைத் தராசில நிறுக்க ஏலாது. 1 கிராம் குரோமியம் ஒட்சைட்டை 9 கிராம் சிலிக்காவோட உலர்வாக உரலில அரைச்சு வையுங்கோ. அதில 1.5 கிராம் போட்டால் 0.15 கிடைக்கும். கூட வந்த 1.35 கிராம் சிலிக்காவைக் கலவையில கழிச்சுவிடுங்கோ. பிறகு 80 கண் (அங்குலத்துக்கு 80 ஓட்டை) அரிப்பிலயும் அடுத்து 120 கண் அரிப்பிலயும் வடிக்கவேணும். இல்லாட்டில் பச்சைப் புள்ளி விழும்.

குளக்கட்டு எழுதியது:
வீரை அக்கா, கபிலமாகிறது கலவையின்ர பிழை இல்லை, ஆற விடுகிற விதத்தின்ர பிழை. உச்சச் சூட்டில இரும்பு உருகலுக்குள்ள கரைஞ்சு கிடக்கும். ஆறும்போதுதான் மேற்பரப்பில ஹேமடைற்று (சிவப்பு இரும்பு ஒட்சைட்டு) எண்ட பளிங்காகப் பிரியும். 1220 தொட்டதும் 980 வரைக்கும் தானா இறங்கட்டும். அங்கயிருந்து 760 வரைக்கும் மணிக்கு 40 பாகைக்கு மேல இறங்கவிடாதேங்கோ. இந்த இடத்தில அஞ்சாறு மணித்தியாலம் போகும். சின்னச் சூளையை நிப்பாட்டிவிட்டால் கடகடவெண்டு ஆறி, கண்ணாடிக் கபிலம்தான் மிஞ்சும்.

நடுவில கரண்ட் போனாலும் இதே கதிதான். எண்டாலும் பொருளை எறிய வேண்டாம். பிஸ்க் சூட்டுக்கு (கிளேஸ் பூசமுன் சுடுற முதற் சூடு) திரும்ப ஏற்றி மெல்ல ஆறவிட்டால் அநேகமாகச் சிவப்பு எழும்பும்.

இன்னொண்டு: எலும்புச் சாம்பல் கரைசலைத் தயிர் மாதிரித் தடிப்பாக்கும். தண்ணி விட்டுத் தளர்த்தினால் பூச்சு மெலிஞ்சு கபிலமாகும். கரைசலை இளக்கிற மருந்து சில துளி விட்டால் போதும்.

பாலைநிழல் எழுதியது:
இரும்பு ஒட்சைட்டுக்கு ஏன் காசு? வன்னிச் செம்மண் இருக்கு. எலும்புச் சாம்பலுக்குப் பதில் பக்கத்து அநுராதபுர மாவட்டத்து எப்பாவலைப் பொஸ்பேற்று உர மூட்டை. சிலிக்காவுக்கு உமிச்சாம்பல். அதைவிட, செப்புக் காபனேற்று 0.5, வெள்ளீயம் 1, சிலிக்கன் காபைட்டு 0.4 போட்டால் மின்சாரச் சூளையிலேயே தாழ்த்தற் சிவப்பு வருமே?

வீரை எழுதியது:
செப்புச் சிவப்பு வரும், ஆனால் காபைட்டு 600 கண்ணுக்கும் நுண்ணியதாக இருக்கவேணும். காபைட்டுக்கெண்டு சாணைக்கல்லை உரசியெடுக்காதேங்கோ, அந்தத் தூளில பசையும் கிடக்கும், பரலும் பெரிசு. அதால கிளேஸில குழிகுழியாகக் கொப்புளம் வெடிக்கும். அது வாயுவை விட்டுத்தான் செப்பைத் தாழ்த்துது, குமிழி அதின்ர கூலி. பரிசோதனை ஓட்டில (கிளேஸ் பூசிச் சுட்டுப் பார்க்கிற சின்ன மண் துண்டில) வடிவாக இருக்கும், கோப்பையின்ர உள்பக்கத்துக்கு நான் நம்பமாட்டன்.

குளக்கட்டு எழுதியது:
செம்மண் சரிவராது, பாலை. அதில நூற்றுக்குப் பத்து இரும்பு இருக்கெண்டே வைப்பம். 12 பங்கு இரும்புக்கு 120 பங்கு மண் போடவேணும். கூட வருகிற அலுமினா கிளேஸை இறுக்கிப்போடும், இரும்பு பளிங்காகப் பிரிய இடமிருக்காது.

உமிச்சாம்பல் பாவிக்கலாம். கறுப்புப் போய் வெள்ளையாகும்வரை எரிச்சு, அரிச்சுப் போடவேணும். கன தண்ணி குடிக்கும், அதனால பூச்சு காயேக்க வெடிச்சு, சூளையில சுருண்டு விலகும். சிலிக்காவில காற்பங்குக்கு மட்டும் மாத்திப் பாருங்கோ. எப்பாவலையில பொஸ்பரசு எலும்புச் சாம்பலைவிடக் குறைவு, புளோரினும் குளோரினும் கலந்திருக்கு. சூளைப் புகையைக் கட்டாயம் வெளியில விடவேணும். அதில கிடக்கிற இரும்பு எங்களுக்குப் பாதகமில்லை. பொதுவாக நல்ல யோசனைதான், ஆனால் ஓட்டில பார்க்காமல் வாளிக் கணக்கில கலக்காதேங்கோ.

வீரை எழுதியது:
இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். எங்கட குளத்து மண் 1220இல நிக்காது, உப்பிச் சரிஞ்சு தட்டில ஒட்டிப்போடும். இரும்புச் சிவப்பு எண்டால் கூடின சூட்டைத் தாங்குற கல்மட்பாண்டக் களிமண்ணை வெளியில இருந்து ஏத்தியிறக்கவேணும். குரோம்-வெள்ளீயத்தை 1060க்கு இறக்கலாம்: 3134 பிரிட் 50, சிலிக்கா 25, கயோலின் 15, சுண்ணாம்புத் தூள் 10, வெள்ளீயம் 6, குரோமியம் 0.15. உள்ளூர் மண்ணிலேயே வேலை முடியும்.

குளக்கட்டு எழுதியது:
முடியும், விரிசலோட. அந்தப் பிரிட்டில சோடியம் கூட. கிளேஸ் மண்ணைவிடக் கூடச் சுருங்கி, நாளடைவில வலைக்கோடு விழும். விழுந்தால் உள்ள இருக்கிற நுண்துளை மண் மீன்குழம்பைக் குடிக்கும். சிவப்பு மண்ணுக்கு மேல நேரே பூசினால் உங்கட சிவப்பும் அழுக்காகும். அடியில வெள்ளைக் களிச் சாந்து ஒரு பூச்சு வேணும்.

வீரை எழுதியது:
சாந்து வேணும், ஒத்துக்கொள்ளுறன். விரிசலுக்குச் சிலிக்காவை 5, 10 எண்டு கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ. சமையலுக்கு இல்லாமல் பூச்சாடிக்கெண்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. 900 பாகைக்குள்ளேயே பளீரெண்டு வருகிற ஈயக் குரோமியச் சிவப்பை மட்டும் ஒருத்தரும் தேடிப் போகாதேங்கோ, ஈயம் சாப்பாட்டில இறங்கும்.

பாலைநிழல் எழுதியது:
அப்ப இரண்டையும் ஒரே சூட்டில கோன் 6இல வைச்சுப் பார்ப்பமே? இரும்பு 8, 10, 12, 14, 16 எண்டு அஞ்சு ஓடு, குரோமியம் 0.1, 0.15, 0.2, 0.3 எண்டு நாலு ஓடு.

குளக்கட்டு எழுதியது:
ஓடுகளை நிமிர்த்தி வையுங்கோ, படுக்கப் போட்டால் வழியிறது தெரியாது. ஒவ்வொண்டையும் கீழ ஒரு தோய்ப்பு, நடுவில இரண்டு, மேல மூண்டு எண்டு தோய்ச்சால் தடிப்பின்ர வித்தியாசம் ஒரே ஓட்டில விளங்கும். அடியில களிமண் தட்டு வையுங்கோ, 16 போட்டது கட்டாயம் வழியும். ஆறவிடுகிறது இரும்பின்ர கணக்குப்படி, 40 பாகைதான்.

வீரை எழுதியது:
மெல்ல ஆறினாலும் என்ரது கெடாது. ஆனால் வெள்ளீயம் போட்ட வெள்ளைச் சாமான் ஒண்டும் அந்தச் சூட்டில இருக்கக்கூடாது, குரோமியம் ஆவியாகிப் போய் அதை ரோசாவாக்கும். முடிஞ்சதும் 4 வீத அசற்றிக் அமிலத்தில ஒவ்வொரு ஓட்டையும் பாதியளவு 24 மணித்தியாலம் ஊறவையுங்கோ. நிறம் வெளுத்தது ஒண்டும் குழம்புச் சட்டிக்கு ஆகாது. உங்கட 16ஐயும் சேர்த்துத்தான் சொல்லுறன், தம்பி.