ஆறு வரிக் கைதுச் செய்தி

மஞ்சக்குப்பத்துக்காரன்:

கடலூர், புதுச்சேரி பக்கம் செய்தித் தொழிலில் இருந்தவர்கள் மறக்க முடியாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். அமைச்சர்கள், நடிகர்கள் கதையெல்லாம் என்னிடமும் உண்டு. ஆனால் போன ஆவணியில் புதுச்சேரியில் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்ற ஒருவரைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

நாற்பது வயது இருக்கும். கையில் மஞ்சள் பை. அலைபேசியை என் முன்னால் நீட்டி, “சார், இதை எழுதியது யார் என்று தெரிந்துகொள்ளலாமா?” என்றார். எங்கள் இணையதளத்தில் 2012-ஆம் ஆண்டு வந்த செய்தி. ஆல்பேட்டை சோதனைச் சாவடி அருகே, புதுச்சேரியிலிருந்து மது பாட்டில் கடத்தி வந்த 2 பேர் கைது. மொத்தம் ஆறு வரி. பெயர், வயது, தகப்பனார் பெயர், தெரு எல்லாம் இருந்தன.

மாவட்டச் செய்திக்கு எழுதியவர் பெயர் போடும் வழக்கம் அப்போது கிடையாது. ஆனாலும் எழுதியது நான்தான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எங்கள் பதிப்பில் எல்லோரும் ‘வாலிபர்கள் கைது’ என்றுதான் தலைப்பு வைப்பார்கள். நான் மட்டும் ‘2 பேர் கைது’ என்பேன். கண்ணியமாக எழுதுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அவரை உட்கார வைத்துவிட்டுத் தேநீர் வாங்கி வரப் போனேன். உண்மையில் யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1998-இல், பகுதிநேர நிருபராக. மாலை ஐந்து மணிக்குள் செய்திகளைக் கையால் எழுதி, பழுப்பு உறையில் போட்டு, மேலே சிவப்பு மையில் ‘நியூஸ் கவர்’ என்று எழுதித் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். அங்கே அலுவலகப் பையன் காத்திருந்து வாங்கிக்கொள்வான். பஸ்ஸைத் தவறவிட்டால் எஸ்.டி.டி. பூத்தில் நின்று தொலைபேசியில் கத்த வேண்டும். அப்படிக் கத்தியதில் ஒருமுறை பாலூர் விபத்து பாகூர் விபத்தாக அச்சேறியது. பாலூர் எங்கள் மாவட்டம், பாகூர் புதுச்சேரி மாநிலம். மறுநாள் காலையில் இரண்டு மாநிலப் போலீசாரும் என்னைத் தேடினார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த நாள். தேவனாம்பட்டினத்திலிருந்து ஆட்களைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். அரசு மருத்துவமனைச் சுவரில் கையால் எழுதி ஒட்டிய இறந்தவர்கள் பட்டியலைப் பார்த்துப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மூத்த நிருபர் என் நோட்டைப் பிடுங்கி, “பட்டியலைப் பார்த்து எழுதாதே தம்பி. வெளியில் நிற்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டு எழுது” என்றார். அப்படிக் கேட்டதில், பட்டியலில் இருந்த ஒரு சிறுவன் உயிரோடு சிங்காரத்தோப்பில் அத்தை வீட்டில் இருப்பது தெரிந்தது. அந்த ஒரு வரியை அடித்துவிட்டு அனுப்பினேன். இன்றுவரை நான் செய்த திருத்தங்களில் பெரியது அதுதான்.

தானே புயலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. மின்சாரமும் இல்லை, அலைபேசிக் கோபுரமும் இல்லை. செய்தி மறுபடியும் பஸ்ஸில்தான் போனது.

2014-இல் இணையப் பிரிவுக்கு மாற்றினார்கள். முதல் ஆறு மாதம் எழுத்துருவோடுதான் சண்டை. நிருபர்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்து அனுப்புவார்கள். யூனிகோடுக்கு மாற்றினால் ‘கொ’ உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். அப்புறம் நிமிடக் கணக்கு வந்தது. காலைப் பத்திரிகைக்கு இரவு வரை நேரம் இருந்தது. இங்கே பக்கத்து நிறுவனம் நான்கு நிமிடம் முந்திவிட்டால் யாராவது வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்பார்கள்.

ஆனால் பழைய தொழில் கைவிடவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள் என்றதும் தென்பெண்ணைக் கரையெங்கும் பீதி. ஆற்றுப்பாலமே மூழ்கியது என்று ஒரு காணொளி வந்தது. எங்கள் இளம் உதவி ஆசிரியர் ஏற்றத் தயாராகிவிட்டார். “ஒரு நிமிடம் பொறும்மா” என்று ஆல்பேட்டைத் தேநீர்க் கடைக்காரரை அழைத்தேன். “பாலத்தின் மேல் தண்ணீரா? நான் இப்போது பாலத்தில் நின்றுதானே பேசுகிறேன். கீழே நாணமேடு, உச்சிமேடு பக்கம்தான் வீட்டுக்குள் தண்ணீர்” என்றார். அதையே செய்தியாகப் போட்டோம். பன்னிரண்டு நிமிடம் தாமதம்.

இவ்வளவு பெருமையும் அந்த மஞ்சள் பைக்காரர் முன்னால் நிற்கவில்லை. கைதான அன்று, எல்லையிலுள்ள முள்ளோடையில் பஸ் கிடைக்காமல், தெரிந்த ஒருவரின் வண்டியில் ஏறி வந்திருக்கிறார். பாட்டில்கள் இருந்த பை வண்டிக்காரருடையது. வழக்கு நான்கு ஆண்டு நடந்தது. 2016-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் விடுதலை. தீர்ப்பு நகல் அவர் கொண்டுவந்த மஞ்சள் பையில்தான் இருந்தது, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில்.

“எட்டாவது படிக்கிற பெண் சார். விளையாட்டாக வீட்டில் எல்லார் பெயரையும் கூகுளில் போட்டுப் பார்த்திருக்கிறாள். என் பெயருக்கு இது வந்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் அம்மாவிடம்தான் கேட்டிருக்கிறாள்.”

அந்த ஆறு வரியை இணையத்தில் யாரும் யோசித்து ஏற்றவில்லை. அக்காலத்தில் அச்சுப் பக்கங்களின் செய்திகளை இரவோடு இரவாக ஒரு நிரல் மாற்றி ஏற்றிவிடும். அச்சுத் தாள் மறுநாளே வடைக்கடைக்குப் போயிருக்கும். இதுவோ பதின்மூன்று ஆண்டுகளாக அவர் பெயரைச் சுமந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

என்னைக் குத்தியது வேறொன்று. கைதான அன்று அதை எழுதினேன். அவர் விடுதலையான ஆண்டில் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த நீதிமன்றத்துக்கு எதிரில்தான் தேநீர் குடித்தேன்.

பழைய கண்டக்டர்:

உங்கள் நியூஸ் கவரில் பாதி என் கையால் போனதுதான் தம்பி. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் செருகி வைப்பேன். மழைக்காலத்தில் பனியனுக்குள். ஒருநாள் புதுச்சேரியில் பையன் வரவில்லை. நானே அலுவலகம் தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன், பஸ் ஏழு நிமிடம் தாமதம். உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்படிப்பட்ட ஆறு வரி எத்தனை கொண்டு போனேனோ.

பண்ருட்டிப் பகுதிநேரம் (ஓய்வு):

அண்ணன் தன்னை மட்டும் நொந்துகொள்ள வேண்டாம். கைது என்றால் சாயங்காலம் காவல் நிலையத்திலிருந்து குறிப்பு நம் கைக்கு வரும். பார்த்து எழுதினால் போதும். விடுதலைக்கு யார் குறிப்பு தருவார்கள்? நமக்கோ வரிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நீதிமன்றத்தில் அரைநாள் உட்கார்ந்தால் நான்கு வரி தேறாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒருமுறை விடுதலைச் செய்தி எழுதினேன். மறுநாள் ஒரு காவல் நிலையத்தில் எனக்கு நாற்காலி போடவில்லை. ஒரு மாதம் எந்தக் குறிப்பும் வரவில்லை. அதன்பிறகு நான் எழுதவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

புதுவை வழக்கறிஞர்:

இப்படி எனக்கும் மூன்று கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, விடுதலையான ஒருவரின் பெயர் உள்ள தீர்ப்பை ஒரு சட்ட இணையதளத்திலிருந்து நீக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எனவே சட்டத்தை நம்பி உட்கார முடியாது. ஆசிரியர்களின் மனசாட்சியை நம்பித்தான் கடிதம் எழுதுகிறோம். பெரும்பாலும் பதில் வருவதில்லை. அண்ணா, நீங்கள் என்ன செய்தீர்கள்? நீக்கினீர்களா?

மஞ்சக்குப்பத்துக்காரன்:

நீக்கத்தான் போனேன். அவர் தடுத்துவிட்டார். “எடுத்துவிட்டால், அப்பா சொல்லி எடுக்க வைத்தார் என்று நினைப்பாளே சார். விடுதலையானதைப் போடுங்கள்” என்றார். மேலே அதே அளவு எழுத்தில் ‘நிரபராதி என விடுதலை’ என்று புதுத் தலைப்பு, கீழே தீர்ப்பு நாள், அதற்கும் கீழே பழைய ஆறு வரி. இணைப்பு முகவரியில் ‘கைது’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைப்பை மாற்றினாலும் அது தானாக மாறாது. தொழில்நுட்பப் பிரிவில் இரண்டு நாள் நின்று அதையும் மாற்ற வைத்தேன். மகள் பார்த்தாளா என்று அவரிடம் கேட்கவில்லை.

பண்ருட்டித் தம்பிக்கு ஒரு செய்தி. இப்போது மாதம் ஒருநாள் எங்கள் நிருபர் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போய் விடுதலையான வழக்குகளைக் குறித்து வருகிறார். வரிக்கூலி இல்லை, நாள்கூலி என்று பேசி வாங்கியிருக்கிறேன். முதல் மாதம் ஏழு வழக்குகள். அவற்றில் ஐந்தின் கைதுச் செய்தி எங்கள் தளத்திலேயே கிடைத்தது. மற்ற இரண்டும் அச்சில் வந்திருக்க வேண்டும். பழைய கட்டுகளைப் பிரித்து வைத்திருக்கிறேன், இன்னும் அகப்படவில்லை.