ஃபோம் போர்டு மேல் ரயில் லேஅவுட்: பிளைவுட் இல்லாமல் முடியுமா?

புதுத்தடம்:
எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, 1:87) முதல் மாதிரி ரயில் லேஅவுட் போடப் போகிறேன். 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் இடம் இருக்கிறது. இரண்டாகப் பிரித்துத் தூக்கிப் போகும்படி வேண்டும், பிளைவுட் கனமாக இருக்கும் என்று பயம். பெட்டிகளில் வரும் வெள்ளைத் தெர்மோகோல் போதுமா? தண்டவாளத்தை ஆணி அடித்து நிறுத்தலாமா? பாதை பிரியும் இடத்தில் (பாயிண்ட்) தண்டவாளத்தை நகர்த்தும் பாயிண்ட் மோட்டாரை எங்கே மாட்டுவது? ஓரமாக ஓர் ஆறும் பாலமும் ஆசை.

கடைசிப்பெட்டி:
பெட்டித் தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். வெட்டினால் மணி மணியாக உதிரும், அந்த மணிகள் எதிலும் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் இன்ஜின் பல்சக்கரத்துக்குள் போய் உட்காரும். உங்களுக்கு வேண்டியது எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை. கட்டடங்களில் வெப்பம் தடுக்கப் போடும் பலகை, பெரும்பாலும் நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் வரும். உள்ளே மணிகள் கிடையாது, வெட்டிய இடம் வழவழப்பாக நிற்கும். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள், இல்லையென்றால் எந்தப் பசையும் பிடிக்காது.

எடை குறைவு என்றுதான் எல்லோரும் ஃபோமுக்கு வருகிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். தண்டவாள மட்டத்துக்குக் கீழே தோண்டலாம் என்பதுதான் பெரிய லாபம். தட்டையான பிளைவுட்டில் மலையை ஏற்றி வைக்கலாம், பள்ளம் இறக்குவது பெரும்பாடு. 50 மி.மீ. பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேல் பலகையை மட்டும் அறுத்து எடுத்தால் ஆறு தயார். 1:87 கணக்கில் அது 4.35 மீட்டர் ஆழம், பாலம் போட்டால் பார்க்க நியாயமாக இருக்கும். பாலம் வரும் இடத்தை முதலில் குறித்துக்கொண்டு, தண்டவாளம் போடுவதற்கு முன்பே தோண்டி முடியுங்கள்.

பலகையை வெறுமனே இரண்டு முக்காலி மேல் வைக்கிறவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது. சுற்றிலும் மரச் சட்டம், நடுவே 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் கட்டை. சுமையைச் சட்டம் தாங்கட்டும். விளிம்பில் மெல்லிய பிளைவுட் பட்டை ஒட்டினால் கை பட்டு முனை நசுங்காது.

அப்புறம் பசை. கரைப்பான் கலந்த கான்டாக்ட் பசையும் ஸ்ப்ரே பெயின்டும் பட்ட இடத்தில் ஃபோம் உருகிக் குழியாகிவிடும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை ஃபோமை ஒன்றும் செய்யாது, ஆனால் இரண்டு பலகைக்கு நடுவே காற்றே போகாததால் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். இடைவெளி அடைக்கப் பயன்படும், தண்ணீரில் கழுவக்கூடிய அக்ரிலிக் சீலண்ட்தான் சரி. எந்தப் பசையானாலும் வெட்டி எறிந்த துண்டில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள்.

ஆணி கதை இங்கே நடக்காது, ஃபோம் ஆணியைப் பிடிக்காது. தண்டவாளத்தையும் அதே சீலண்டில் ஒட்டுங்கள். மெல்லிய படலம் போதும், தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளுக்கு (ஸ்லீப்பர்) இடையே பிதுங்கி வந்தால் அதிகம் என்று அர்த்தம். காயும்வரை குண்டூசி குத்தி, மேலே கனமாக எதையாவது வையுங்கள்.

சிக்னல்மேன்:
ஒயரிங் பற்றி யாரும் சொல்லவில்லை. பிவிசி உறை போட்ட ஒயர் வருடக்கணக்கில் பாலிஸ்டைரீனை (இந்த ஃபோம் அதில் செய்ததுதான்) ஒட்டிக் கிடந்தால், உறையை வளையவைக்கும் பொருள் ஃபோமுக்குள் போய்விடும், உறை விறைத்து வெடிக்கும். அதனால் முக்கிய ஒயர்களை மரச் சட்டத்தில் கிளிப் போட்டுத் தொங்க விடுங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் ஃபீடர் ஒயர் கீழே இறங்கும் துளைக்குள் ஒரு ஸ்ட்ரா செருகினால் போதும். சால்டரிங்கைத் தண்டவாளம் ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சூடான முனை தவறி ஃபோமில் பட்டால் பள்ளம்தான்.

பாயிண்ட் மோட்டாரை ஃபோமில் திருகக்கூடாது, திருகு பிடிக்காது. கீழிருந்து குடைந்து, சிறு பிளைவுட் துண்டை உள்ளே ஒட்டி அதில் திருகுங்கள். குடையவில்லை என்றால் மோட்டாரிலிருந்து பாயிண்டுக்குப் போகும் இயக்குக் கம்பி நீளமாக வேண்டியிருக்கும். மோட்டாரோடு வரும் கம்பி அந்த நீளத்தில் வளைந்துபோகும், தடித்த எஃகுக் கம்பியாக மாற்றுங்கள்.

புதுத்தடம்:
நன்றி இருவருக்கும்! ஃபோமில் ரயில் ஓடினால் மேளம் மாதிரி சத்தம் வரும் என்கிறார்களே? சூடான கம்பியால் ஃபோமை வெட்டும் ஹாட் ஒயர் கட்டர் வாங்கலாமா? இன்னொன்று, பின்னால் ஒரு பாதையை 50 மி.மீ. உயர்த்த நினைக்கிறேன்.

கடைசிப்பெட்டி:
சத்தம் வரும், உண்மைதான். ஆனால் காய்ந்த சீலண்ட் ரப்பர் மாதிரி இளகி நிற்கும், அதுவே பாதி அதிர்வை விழுங்கிவிடும். தண்டவாளத்துக்கு அடியில் கார்க் போடுங்கள். பல்லாஸ்ட்டை (தண்டவாளத்தைச் சுற்றிப் போடும் ஜல்லி) வெள்ளைப் பசை ஊற்றி இறுக்கினால் சத்தம் திரும்ப ஏறும், அங்கே கொஞ்சம் இளகும் பசையாகப் பாருங்கள்.

ஹாட் ஒயர் சுத்தமாக வெட்டும், ஆனால் அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து, ஃபேன் போட்டுத்தான். நான் நீளக் கத்தியும் அரமும்தான் பயன்படுத்துகிறேன், பக்கத்தில் வேக்யூம் ஓடிக்கொண்டே இருக்கும். தூசிக்கு முகக்கவசம் போடுங்கள்.

ஏற்றம் 2 சதவீதம் வைத்தால் 50 மி.மீ. ஏற 2.5 மீட்டர் வேண்டும், உங்கள் பலகை 2.4 மீட்டர்தான். நேராக ஏற்ற முடியாது, வளைவிலேயே ஏறத் தொடங்கிப் பின்பக்கம் முழுக்கத் தொடருங்கள். இரண்டு பாதி சேரும் இடத்தில் மட்டும் பாயிண்ட் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.