கட்டட வேலையில் சேஃப்டி பெல்ட் வாங்கிக் கொடுத்தும் மாட்ட மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்யலாம்?

கோவை சூப்பர்வைசர்:
நான்கு மாடி அபார்ட்மெண்ட் வேலை. ஹெல்மெட், பெல்ட், பூட்ஸ் எல்லாம் கம்பெனியே கொடுத்துவிட்டது. கேட்டில் ஹெல்மெட்டோடு நுழைகிறார்கள், மேலே ஏறியதும் அது ஏதாவது ஒரு கம்பியில் தொங்குகிறது. சென்ட்ரிங் ஆட்கள் (கான்கிரீட் போடப் பலகை அடிக்கிறவர்கள்) பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கொக்கியைப் பின்னால் ஆடவிட்டபடியே ஓரத்தில் நடக்கிறார்கள். கேட்டால் "இருபது வருஷமா இப்படித்தான் சார்" என்று சிரிப்பு. ஆளுக்கு நூறு ரூபாய் அபராதம் போடலாம் என்கிறார் ஓனர். சரிவருமா?

மேஸ்திரி:
வராது தம்பி. இரண்டு தடவை பிடித்தால் மூன்றாம் நாள் பக்கத்து சைட்டில் நிற்பான். அது இருக்கட்டும், கொக்கியை எதில் மாட்டச் சொல்கிறீர்கள், சவுக்குக் கம்பிலா? முதலில் தூணுக்குத் தூண் ஸ்டீல் ரோப் இழுத்துக் கட்டிக் கொடுங்கள். அப்புறம், சென்ட்ரிங்காரர்களுக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. கொக்கியைக் கழற்றி மாட்டுகிற ஒவ்வொரு நிமிஷமும் அவன் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. ஓரத் தடுப்பு கட்டுகிற வேலைக்குத் தனிக் கூலி கொடுத்துப் பாருங்கள்.

சிங்கை ரிட்டர்ன்:
அண்ணன் சொல்வது சரி. சிங்கப்பூரில் பாதுகாப்பு வகுப்பில் பாஸ் ஆகாமல் சைட் வேலைக்குப் போக முடியாது, வகுப்பைத் தமிழிலேயே நடத்துவார்கள். 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருக்கிற வேலை என்றால் பெர்மிட் இல்லாமல் ஏறவே விடமாட்டார்கள். அங்கே ஒழுங்காக மாட்டிய நம்ம ஊர்க்காரனே லீவில் வந்து வீடு கட்டும்போது ரப்பர் செருப்போடு சாரம் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.
இன்னொன்று, கொக்கியைக் காலடியில் மாட்டக்கூடாது. பெல்ட்டின் கயிறு 1.8 மீட்டர் என்றால், காலடியிலிருந்து முதுகு வரை உள்ள உயரமும் சேர்ந்து, அது இழுத்துப் பிடிப்பதற்குள் ஆள் 3 மீட்டருக்கு மேல் கீழே போயிருப்பான். முதல் மாடி என்றால் அதற்குள் தரை வந்துவிடும். தலைக்கு மேல் மாட்டுகிற மாதிரி ரோப்பைக் கட்டுங்கள்.

சித்தாள் மகள்:
பெண்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. என் அம்மா சித்தாள். ஹெல்மெட்டுக்கு மேல் சும்மாடு வைத்துக் கலவைச் சட்டி தூக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். கலவை ஏற்ற ஒரு லிஃப்ட் வையுங்கள், அவர்கள் நடக்கிற வழிக்கு மேலே வலை கட்டுங்கள். பூட்ஸ் எல்லாம் ஆண்கள் அளவில்தான் வருகிறது, அதைப் போட்டுக்கொண்டு படி ஏறினால் தடுக்கித்தான் விழவேண்டும். ரப்பர் கையுறை கொடுத்துப் பாருங்கள், ஈரச் சிமெண்ட் தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும் என்பதால் அதைக் கேட்டே வாங்குவார்கள்.

ஈரோட்டுக்காரன்:
எல்லாவற்றையும் தொழிலாளி தலையிலேயே கட்டாதீர்கள் என்று ஓனரிடம் சொல்லுங்கள். 2014-ல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்களே, அதில் ஹெல்மெட் என்ன செய்திருக்கும்? எல்லோரும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கோவை சூப்பர்வைசர்:
சரி, அபராதம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி அண்ணே, தடுப்பு கட்டுகிற கூலியை அடிக்கு இவ்வளவு என்று பேசலாமா?

மேஸ்திரி:
நாள் கூலியாகவே கொடுங்கள். அடிக்கணக்கு போட்டால் அதையும் அவசரமாகத்தான் கட்டுவான்.